அவர் பேசல, ஒரு பாக்கெட் சிப்ஸ்

அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்தது அக்கா. சின்ன வயதில் தட்டில் போட்டதைப் பார்த்தால் முகம் சுளிப்பாள். ஆனால் அடுக்களைப் பக்கம் போகும்போதெல்லாம் எதையாவது கொத்திக்கொண்டுதான் வருவாள். நாலு திராட்சை, ஒரு கை சர்க்கரை, டப்பாவின் அடியில் உடைந்து கிடக்கும் பிஸ்கட். நாற்பது வயதாகியும் அந்தக் கொத்தல் நிற்கவில்லை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. "இது தெளிவா, அது தெளிவா" என்று நாள் முழுக்கக் கேட்டு அலுத்துப்போன வாய்க்கு, ஆள் இல்லாத நேரத்தில் ஏதாவது வேண்டியிருந்தது. மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு பாக்கெட் திறந்தே கிடக்கும்.

போன வருஷம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது. உள்ள விடறதும் திருப்பி அனுப்பறதும் உங்க கையிலதான் இருக்கு" என்று சொல்லி, உணவு ஆலோசகரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆலோசகர் ஒல்லியான, அதட்டலான குரல் கொண்ட பெண். அது சாப்பிடாதே இது சாப்பிடாதே என்று பட்டியல் நீட்டுவார் என்று நினைத்துப் போன குருவிக்கு ஏமாற்றம்தான்.

"ஒரு நோட்டு வாங்குங்க. சாப்பாட்டுக்கு நடுவுல வாயில எது போட்டாலும் எழுதுங்க. மணி, என்ன, எவ்வளவு. அதோட, அந்த நேரத்துல மனசுல என்ன ஓடிச்சுன்னும் ஒரு வரி."

"மனசுல ஓடறதுக்கும் பிஸ்கட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"எழுதிப் பாருங்க, தெரியும். யாருக்கும் காட்ட வேணாம். பொய் மட்டும் எழுதாதீங்க."

குருவி பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு வாங்கினாள். முதல் வாரம் எழுதக் கூச்சமாக இருந்தது. தன் கையெழுத்தையே கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். பிறகு பழகிவிட்டது. ஆலோசகர் சொன்னது போலவே, பத்துத் தடவை கொத்தினால் இரண்டு தடவைதான் பசி. மற்றதெல்லாம் வேறு எதுவோ. கடை முதலாளியம்மா சிடுசிடுத்தால் இரண்டு முறுக்குத் துண்டு. பக்கத்து வீட்டுக்காரி புது வண்டி வாங்கினால் ஒரு சாக்லேட். வீட்டில் யாரும் பேசவில்லை என்றால் எது கிடைத்தாலும்.

அதைத் தெரிந்துகொண்டதே பாதி வைத்தியமாகிவிட்டது. கை இழுப்பறைக்குப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பத்து நிமிஷம் பொறுத்தாள். அப்புறமும் கேட்டால் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவித்த முட்டை, ஒரு ஆப்பிள். பாக்கெட்டோடு உட்காராமல் கிண்ணத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து மாதத்தில் நாலரை கிலோ குறைந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

அவள் கணவர் விளம்பரக் கம்பெனியில் எழுத்தாளர். சோப்புக்கும் சிமெண்டுக்கும் வசனம் எழுதுகிறவர். கல்யாணமான புதிதில் பேசிப் பேசியே அவளைச் சிரிக்கவைத்து வயிறு வலிக்கச் செய்தவர்தான். பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பேச்சு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆபீசில் வார்த்தைகளை விற்றுத் தீர்த்துவிட்டு வாயைக் காலியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். கேட்டதற்கு "ம்" என்பார். கேட்காததற்கு அதுவும் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் அவர் கம்பெனிக்கு 'ஒரு பிடி' என்ற தின்பண்டத்தின் விளம்பர வேலை வந்தது. தானியமும் பருப்பும் சேர்த்து அழுத்திச் செய்த சின்னக் கட்டி. "சிப்ஸையும் பிஸ்கட்டையும் விடுங்கள், இதைக் கொறியுங்கள்" என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். சாம்பிள் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்தது. பென்சில் முனையைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒரு திங்கட்கிழமை சீட்டியடித்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். வசனம் கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று குருவியும் சந்தோஷப்பட்டாள். என்ன வசனம் என்று கேட்டாள். "வரட்டும், பாரு" என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, கடைக்கு ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர் வந்தார். தூரப் பார்வை மங்கிவிட்டது என்றார். குருவி பலகை எழுத்துகளைப் படிக்கவைத்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டி முன்பக்கக் கண்ணாடிக் கதவருகே கூட்டிப்போனாள். எல்லோரிடமும் செய்கிறதுதான். இருட்டறைப் பலகையை நம்பக் கூடாது, தெருவைப் பார்க்கவைத்தால்தான் உண்மை தெரியும் என்பது அவள் கட்சி.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்ல புதுசா ஏதோ ஒட்டியிருக்காங்க பாருங்க. அதைப் படிங்க ஐயா."

அவர் மோவாயைத் தூக்கிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "பசி இல்ல. அவர் பேசல. ஒரு பாக்கெட் சிப்ஸ்."

குருவி கையில் வைத்திருந்த லென்ஸ் பெட்டியை மூடினாள். ஏன் மூடினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கீழ சின்னதா என்னமோ இருக்கே. 'உண்மையச் சொல்லுங்க. இனிமே ஒரு பிடி போதும்.' ஓ, விளம்பரமா? நான் நெசமாவே யாரோ எழுதி ஒட்டிட்டாங்கன்னு நெனச்சேன்." அவர் தலையை ஆட்டினார். "பாவம்மா, யாரு பெத்த பொண்ணோ."

"தெளிவா தெரியுதாங்க?"

"ரொம்பத் தெளிவாத் தெரியுது."

அவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினாள். எண் தப்பாகிவிடக் கூடாதே என்று இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு முதலாளியம்மாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. பக்கத்தில் போய்ப் பார்த்தாள். ஒரு எழுத்து மாறவில்லை. நோட்டில் அவள் எப்படி மூன்று துண்டாக எழுதியிருந்தாளோ அப்படியே மூன்று வரி. அது நடந்த நாள் நினைவிருந்தது. அவளுடைய பிறந்தநாள் அது. அவர் வந்து செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்ட நாள்.

அடுத்த பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். "மூணே கால் மணி. யாரும் பாக்கல. எட்டு பிஸ்கட்." அதற்கடுத்ததில், "அவ கார் வாங்கிட்டா. நான் சாக்லேட் வாங்கினேன்." வெயில் மண்டையைப் பிளந்தது. ஊர் சுவர்களில் தன் மனசைத் தேடிக்கொண்டு ஆறு ஸ்டாப் நடந்தாள். ஆறாவதில் கால் நின்றுவிட்டது.

"அக்கா அழுதா. நான் கேக் தின்னேன்."

அக்காவுக்கு மூன்றாவது தடவையும் கரு தங்காமல் போன நாள் அது. இந்தத் தடவை எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதைக் கொண்டாட வாங்கிய கேக். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, அம்மாவிடம்கூடச் சொல்லாதே என்று குருவியின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள் அக்கா. அவளைத் தூங்கவைத்துவிட்டு, மேசையில் வெட்டாமல் கிடந்த கேக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் குருவி. விடியும்போது கேக் இல்லை. அதை யாரிடமும் சொல்ல வழியில்லாமல்தான் நோட்டில் எழுதினாள்.

மாலை கணவர் வந்தபோது அவள் கூடத்தில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"பாத்துட்டியா?" என்றார். முகத்தில் பயம் பாதி, பெருமை பாதி.

"எப்ப எடுத்தீங்க?"

"ஒரு ஞாயித்துக்கிழமை. நீ மார்க்கெட் போயிருந்தே. கத்திரிக்கோல் தேடினேன், இது கெடச்சுது. ரெண்டு பக்கம் பாத்தேன். வைக்க முடியல. குருவி, நான் இருபது வருஷமா எழுதறேன், இப்படி ஒரு வரி எனக்கு வந்ததே இல்ல. போன்ல படம் எடுத்துக்கிட்டேன். யாரோடதுன்னு யாருக்குத் தெரியப்போகுது? பேரா போட்டேன்?"

"'அவர் பேசல'ன்னு எழுதியிருந்தேன். படிச்சீங்களா?"

"அதுதான் மெயின் வரியே. அதைக் கேட்டதும் ரூமே அமைதியாயிடுச்சு."

"அந்த அவர் யாருன்னு நெனச்சீங்க?"

அவர் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நிமிஷம் வரை அவருக்கு அது உறைக்கவில்லை என்பது தெரிந்துபோயிற்று. திருடியதைக்கூடப் பொறுத்துவிடலாம் போலிருந்தது. பெண்டாட்டி தனியாக உட்கார்ந்து தவித்ததைப் படித்த மனுஷனுக்கு, வரி நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் பட்டிருக்கிறது. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அக்காவின் போன் மறுநாள் மதியம் வந்தது. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இடைவேளையில் பேசுகிறாள் என்பது பின்னால் கேட்ட கூச்சலில் தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உன் வீட்டுக்காரர் விளம்பரத்துல வர்ற அந்த அக்கா நான்தானே?"

"அக்கா, நான் அவருக்குக் குடுக்கல. அவரா எடுத்து..."

"நான்தானே?"

"ஆமா."

"உங்கிட்ட மட்டும்தாண்டி சொன்னேன். அம்மாகிட்ட சொல்லல. ஸ்டாப்ல பஸ்ஸுக்கு நிக்கறேன், எம் பக்கத்துல ரெண்டு பிள்ளைங்க அதைப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிக்குதுங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது?" அதோடு போனை வைத்துவிட்டாள். பிறகு எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

விளம்பரம் ஊரையே பிடித்துக்கொண்டது. ஆனால் கம்பெனி நினைத்த மாதிரி பிடிக்கவில்லை. ஆட்கள் போஸ்டருக்குக் கீழே நின்று பிஸ்கட் தின்றபடி படம் எடுத்துப் போட்டார்கள். "மேனேஜர் திட்டினார், ரெண்டு பப்ஸ்", "மாமியார் வர்றாங்க, குடும்பப் பாக்கெட்" என்று ஆளாளுக்குத் தங்கள் வரியை எழுதினார்கள். கண்ணாடிக் கடைக்கு எதிரே இருந்த பேக்கரிக்காரர் வாசலில் கரும்பலகை வைத்தார்: "அக்கா அழுதாளா? கேக் உள்ளே இருக்கு." பஸ் ஸ்டாப் பெட்டிக்கடைகளில் சிப்ஸ் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கியது. போஸ்டரைப் பார்த்தால் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது என்று கடைக்காரர்களே சொன்னார்கள். ஒரு பிடியை யாரும் சீண்டவில்லை. அட்டைப்பெட்டி பிரிக்காமல் மூலையில் கிடந்தது.

மூன்றாவது வாரம் காற்று திரும்பியது. பெண்களின் கஷ்டத்தைக் கிண்டல் செய்து தின்பண்டம் விற்கிறார்கள் என்று ஒரு டாக்டர் அம்மா எழுதினார். அதை ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். சிரித்தவர்களே இப்போது திட்டினார்கள். ஒரு பிடி முதலாளி விளம்பரக் கம்பெனியைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

அன்று கணவர் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தார். சமையலறை வாசலில் நின்று, வெகுநாளைக்குப் பிறகு நிறையப் பேசினார்.

"இதுக்கு ஒரே வழிதான் இருக்கு. இது கிண்டல் இல்ல, நெசமா ஒரு பொண்ணு எழுதினதுன்னு சொல்லணும். அவளே வந்து சொல்லணும். எப்படிக் கொறிக்கற பழக்கத்த மாத்தினா, எப்படி எடை குறைஞ்சுதுன்னு. ஜனங்களுக்கு அது பிடிக்கும். கோவமெல்லாம் போயிடும்."

"எந்தப் பொண்ணு?"

அவர் தரையைப் பார்த்தார்.

"சொல்லிட்டீங்களா, நான்தான்னு?"

"வேற வழியில்ல குருவி. வேலையே போயிடும் போல இருந்துச்சு. வியாழக்கிழமை மீட்டிங். நீ வந்து ரெண்டு வார்த்தை பேசினா போதும்."

முதல் தடவை கேட்காமல் எடுத்தார். இரண்டாவது தடவை அவள் பேரைக் கொடுத்துவிட்டு வந்து கேட்கிறார். அடுப்பை அணைத்துவிட்டு, "வரேன்" என்றாள். அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்தது.

வியாழக்கிழமை அவளை நீள மேசையின் தலைப்பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நடுவில் ஒரு தட்டில் ஒரு பிடியைத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். யாரும் தொடவில்லை. ஒரு பிடி முதலாளி நரைத்த மீசைக்காரர். மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க மனசு நொந்திருந்தா மன்னிச்சுக்குங்கம்மா. உங்க கதைய உங்க வாயால சொல்லுங்க, நாங்க படம் பிடிச்சுக்கறோம். கடைசியில, ஒரு பிடி சாப்பிட ஆரம்பிச்ச அப்புறம்தான் பழக்கம் மாறிச்சுன்னு ஒரே ஒரு வரி. அவ்வளவுதான்."

"எங்கிட்ட அதுக்கும் வரி இருக்குங்க" என்றாள் குருவி. பையிலிருந்து பச்சை நோட்டை எடுத்துப் பிரித்தாள். கண்ணாடிக் கடையில் எண் படிக்கிற அதே குரலில் படித்தாள்.

"செவ்வாய், நாலு மணி. அவர் கொண்டுவந்த ஒரு பிடி, மூணு. ஒண்ணோட நிறுத்த முடியல. பிஸ்கட் மாதிரியே இனிக்குது. புதன், நாலரை மணி. ஒரு பிடி, ரெண்டு. பசி போகல. வெள்ளி. அவர் சந்தோஷப்படட்டும்னு அவர் எதிர்ல ஒண்ணு. சனி. ஆலோசகர்கிட்ட அட்டையக் காட்டினேன். பேர்லதான் தானியம், உள்ள பாதி சர்க்கரைப் பாகு, வீட்டுல வைக்காதீங்கன்னு சொன்னாங்க. பெட்டியத் தூக்கிப் பரண்ல போட்டேன்."

மூலையில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தவர் கேமராவை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எம் பழக்கத்த மாத்தினது ஒரு டம்ளர் தண்ணியும், பத்து நிமிஷப் பொறுமையும், ஒரு கை வேர்க்கடலையும்தாங்க. அதுல எதையும் நீங்க விக்கல." நோட்டை மூடினாள். "இந்த நோட்டுல இருந்து இனிமே ஒரு வார்த்தை வெளிய வந்தா நான் வக்கீலைப் பாக்க வேண்டியிருக்கும். இப்ப ஒட்டியிருக்கறதை நாளைக்குள்ள கிழிச்சிடுங்க."

மாடிப்படியில் கணவர் பின்னாலேயே ஓடிவந்தார். "அந்தப் பக்கத்த நான் பாக்கவே இல்ல குருவி."

"பாத்திருக்க மாட்டீங்க. நல்லா இருந்த பக்கத்தைத்தானே பாத்தீங்க."

அன்று சாயங்காலமே ஒரு பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். அக்கா திறந்தாள். பெட்டியைப் பார்த்தாள். வழிவிட்டாள். இரண்டு நாள் தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், வாய் திறக்கவில்லை. நமக்கு இது வேண்டியதுதான் என்று குருவியும் பேசாமல் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், சிவப்புப் பேனாவை மூடாமலே கேட்டாள்.

"முழு கேக்கையுமா தின்னே?"

"முழுசும்."

"அது ஒண்ணரைக் கிலோடி!"

"ஆமா."

அக்காவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் முதலில் குருவி நினைத்தாள். எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் இரண்டும் சேர்ந்து வருகிறது என்று தெரிந்தது. "எனக்கு மன்னிக்க வரலடி, கொஞ்ச நாள் ஆகும்" என்றாள் அக்கா. "ஆகட்டும்" என்றாள் குருவி.

போஸ்டர்கள் கிழிக்கப்பட்டன. ஒரு பிடி வேறு விளம்பரக் கம்பெனிக்குப் போய்விட்டது. கணவருக்கு வேலை போகவில்லை, ஆனால் பெரிய வேலை எதையும் இப்போது கொடுப்பதில்லையாம். ஆலோசகரிடம் நடந்ததைச் சொன்னபோது, "மறுபடி எழுத ஆரம்பிங்க" என்றார். குருவி இரண்டு தடவை பேனாவைத் திறந்து பார்த்தாள். சுவரில் ஒட்டப்போகிற எழுத்தாகவே ஒவ்வொன்றும் தெரிந்தது. பிறகு வாரம் ஒரு தடவை ஆலோசகருக்குப் போன் போட்டு வாயாலேயே சொல்லிவிடுகிறாள். நடுவில் ஒன்றரைக் கிலோ ஏறியது. அதையும் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்துக் கணவரிடமிருந்து கடிதம் வந்தது. நாலு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. முதல் பக்கத்தை நம்பித்தான் படித்தாள். இரண்டாம் பக்கம் போனதும் சந்தேகம் வந்தது. இந்த வரியை எத்தனை தடவை மாற்றி எழுதியிருப்பார், இதைப் படித்தால் இந்த இடத்தில் அழுவாள் என்று கணக்குப் போட்டிருப்பாரோ என்று. மீதியைப் படிக்க முடியவில்லை. அக்காவிடம் நீட்டினாள். அக்கா நாலு பக்கமும் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கார்" என்றாள்.

"அதாங்க்கா பயமா இருக்கு."

போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். "இனிமே எழுதாதீங்க. பேசணும்னா வந்து பேசுங்க. தப்புந்தவறுமாப் பேசினாலும் பரவாயில்ல."

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தார். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "நான்..." என்றார். "அன்னிக்கு உன்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. குருவி எடுத்துக் கொடுக்கவில்லை. அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள், அது ஆறிப்போயிற்று. பதினொன்றே கால் மணிக்கு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அடுத்த வாரமும் வரலாமா?"

"வாங்க" என்றாள். வீட்டுக்கு வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, ஆறின டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.